ஆலைக் கடுவனின் பிள்ளைகள்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேச வருகிறவர்கள் வேறு எதற்கும் வாய் திறக்க முன்னர் குடியைக் கேட்பார்கள். குடி தாய்வழியாக வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் பெண் எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. மட்டக்களப்பு வாவியின் கரையில் இதைத் தெரியாமல் வளர்ந்தவர் கிடையாது. ஆனால் இந்தச் சட்டத்தை நாய்க்கும் போட்டுப் பார்த்து, ஒரு பெரிய முட்டாள்தனத்தின் வாசற்படி வரை போய் நின்ற வீடு, எனக்குத் தெரிந்து, எங்கள் வீடு ஒன்றுதான்.

அது எங்கள் பெட்டை நாய்க்கு மாப்பிள்ளை பார்த்த காலம்.

அவள் அல்சேஷன். தன்னாமுனையில் எங்கள் வளவு பின்பக்கமாகச் சரிந்து வாவியில் போய் முடிகிறது. காலையில் அந்தச் சரிவில் அவள் ஓடி வருவதைப் பார்க்க மீன்பிடிக்கிறவர்கள் தோணியில் துடுப்பை நிறுத்தியதுண்டு. அதே சரிவில் நான் இறங்கி வருவதைப் பார்த்து ஒருவரும் எதையும் நிறுத்தியதில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் இருப்பது மனைவியின் வீட்டில். வீட்டில் நாயோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர். அதிகார வரிசையில் நான் எத்தனையாவது என்பதை நாய்க்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மனைவி அவளிடம் இருந்து ஒரே ஒரு ஈற்றுக் குட்டிகள் எடுப்பதென்று முடிவு செய்திருந்தாள். அவள் நாய்களைக் கொஞ்சிப் பேசுகிறவள் அல்ல, மனிதர்களையும் அப்படித்தான். ஆனால் முடிவெடுத்த கிழமையே பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அங்கே இருந்த என் புத்தகங்கள் அலுமாரிக்கு மேலே ஏறின. பழைய பருத்திச் சேலைகளைத் துண்டு துண்டாக வெட்டி, அவித்துத் தோய்த்து, மடித்து அடுக்கினாள். மகப்பேற்று விடுதியில்கூட அவ்வளவு சுத்தமான துணி பார்த்ததில்லை. குட்டி கேட்டுச் சொல்லி வைத்தவர்களில் பக்கத்துத் தேவாலயத்து ஃபாதரும் எனது பாடசாலை அதிபரும் அடக்கம். அதிபருக்கு முதல் குட்டி என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். என் தொழில் வாழ்க்கையில் மேலிடத்துக்கு நான் கொடுத்த ஒரே லஞ்சம் அது, அதுவும் பிறக்காதது.

மாப்பிள்ளையைக் கொண்டு வந்தவன் மனைவியின் தம்பி. களுதாவளையில் கல்யாணம் முடித்து அங்கேயே வெற்றிலைத் தோட்டம் செய்கிறான். அவனிடம் ஒரு கடுவன் நாய் இருந்தது, அதுவும் அல்சேஷன், ஆள் உயர மதிலைச் சும்மா பாய்ந்து கடக்கிற சாதி.

"அத்தான், உங்கட மகளுக்கு என்ட பொடியன் காணாதா?" என்றான், கதிரையில் உட்காரும் முன்னமே.

"குடி என்ன?" என்றேன் நான், பகிடிக்குத்தான்.

அவன் பகிடியாக எடுக்கவில்லை. "இவன்ட தாய் எங்கட ஊர் வாத்தியார் வீட்டு நாய். உங்கடவள்ட தாய்?"

"டவுனில," என்றாள் மனைவி. "என்னோட கந்தோரில வேலை செய்யிறவட வீட்டு நாய்."

"அப்ப வேற குடி. மறுகா என்ன யோசினை?"

மனைவி தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். மூன்று பேரும் தேத்தண்ணி குடித்துச் சம்பந்தத்தை முடித்துக்கொண்டோம். தகப்பனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மனிதர் கல்யாணத்தில் தகப்பனை விசாரிக்க அவசியம் இல்லை, அவர் பந்தலில் சால்வையோடு நிற்பார். நாய்க்குத் தகப்பன் என்பது ஒரு வதந்தி. நான் சரித்திரம் படிப்பிக்கிறவன். அனுராதபுரத்து அரசர்களுக்குத் தகப்பன் யார், தகப்பனைக் கொன்றவன் யார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். என் காலடியில் படுத்திருந்தவளின் தகப்பன் யார் என்று எனக்குத் தெரியாது.

கேட்டவர் மிருக வைத்தியர். யாழ்ப்பாணத்துப் பெண், எங்கள் பக்கத்துக்கு மாற்றலாகி வந்தவர். பெரும்பாலும் மாடுகளோடு மாரடிக்கிறவர், நாய் வந்தால் அவருக்கு ஓய்வு மாதிரி. குட்டிக்கு விடுமுன்னர் தடுப்பூசி போட வேண்டும் என்று இரண்டு நாய்களையும் கொண்டு போயிருந்தோம். ஊசியைப் போட்டுக்கொண்டே விசயத்தைக் கேட்டவர் நிமிர்ந்தார்.

"தகப்பன் ஆர்?"

"எங்கடவளுக்கா, இவனுக்கா?" என்றேன்.

"ரெண்டுக்கும்தான் கேக்கிறன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மைத்துனன்தான் துணிந்து சொன்னான். "டொக்டர், எங்கட பக்கம் தாய் வழியத்தான் பாக்கிற. ரெண்டும் வேற வேற குடி."

வைத்தியர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "அது நல்ல வழக்கம்தான். ஆனா எலும்புக்குக் குடி தெரியாது. போன் எடுத்துக் கேளுங்கோ."

மனைவி கந்தோர்க்காரிக்கு அழைத்தாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

"இஞ்ச கா, உன்ட நாய அந்த முறை எங்க கொண்டு விட்ட நீ?"

"வேற எங்க, ஆலைக் கடுவனிட்டத்தான். ஏன் கா, என்ன நடந்த?"

"ஒண்டும் நடக்கல்ல. நடக்க முதல் கேக்கிறன்."

அடுத்து மைத்துனன் வாத்தியாருக்கு அழைத்தான். வாத்தியார் வகுப்பில் பேசுவது போலவே போனிலும் பேசுவார். "ஆலைக் கடுவன்தான் தம்பி! அந்த நேரம் மட்டக்களப்பில வேற ஆம்பிள நாய் எங்க இரிந்த?"

மைத்துனன் போனை மெதுவாகச் சட்டைப்பைக்குள் போட்டான். மேசைக்குக் கீழே மணமக்கள் ஒன்றின் காதை மற்றது நக்கிக்கொண்டிருந்தன. அண்ணனும் தங்கையும்.

ஆலைக் கடுவனை எங்களுக்கெல்லாம் தெரியும். ஏறாவூருக்குப் போகும் வழியில் இருந்த நெல் ஆலையின் நாய். ஆலை வாசலில் அது நின்ற நிற்பைப் பார்த்து, நெல்லுக் குத்தப் போனவர்கள் நெல்லை மறந்திருக்கிறார்கள். பெட்டை அல்சேஷன் வைத்திருந்த எல்லோரும் அங்கேதான் போனார்கள். தாய்மார் வெவ்வேறு, ஆகவே பிள்ளைகள் வெவ்வேறு குடி, ஆகவே குறை ஒன்றும் இல்லை. அந்தக் கணக்குப்படி வாவிக்கரையில் பாதி அல்சேஷன்கள் ஒன்றுக்கொன்று சகோதரம், ஒன்றையொன்று கட்டவும் தடையில்லை.

"அந்த நாய்க்குக் கடைசியில என்ன நடந்தது?" என்று கேட்டார் வைத்தியர்.

அதுவும் எங்களுக்குத் தெரியும். கிழடாக முன்னமே பின்கால்கள் இழுக்கத் தொடங்கின. எழும்ப முடியாமல் நிலத்தோடு இழுபட்டு அரைந்து அரைந்து போகும். வாதம் என்றார்கள், லொறி தட்டியது என்றார்கள், ஆலை முதலாளிக்கு வேண்டாத யாரோ செய்வினை செய்தார்கள் என்றும் சொன்னார்கள். தகப்பனுக்கு வந்தது பிள்ளைக்கு வரலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

வைத்தியர் நிதானமாக விளங்கப்படுத்தினார். தொடையெலும்பின் தலை ஒரு பந்து. அது இடுப்பில் உள்ள குழிக்குள் ஆழமாக இறங்கி இருக்க வேண்டும். சில நாய்களுக்குக் குழி ஆழம் காணாது. பந்து ஆடும், தேயும், பிறகு நோகும். பரம்பரையில் வருகிற குறை, பெரிய சாதி நாய்களுக்கு அதிகம்.

"இந்த ரெண்டையும் சோடி சேர்க்கிற கதையை விடுங்கோ. வேற இடத்தில பாக்கலாம். ஆனா அதுக்கு முதல் ரெண்டின்ர இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கோ. இப்ப ஓடுவினம், பாய்வினம். கண்ணுக்குத் தெரியாது."

"என்ட கடுவன் மதில் பாயிறவன் டொக்டர்!" என்றான் மைத்துனன். ரோசம் வந்துவிட்டது.

"தகப்பனும் பாஞ்சவன்தான்டா," என்றாள் மனைவி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தப் படத்தை முறையாக எடுத்துப் பார்த்துச் சொல்லும் வைத்தியர் கண்டிப் பக்கத்தில் இருந்தார். வான் ஒன்று பிடித்தோம். மனைவி வர மறுத்துவிட்டாள். "நான் வந்தா படத்தப் பாக்கமாட்டன், டொக்டர்ட முகத்தத்தான் பாப்பன். நீங்க போங்க. வந்து உள்ளதச் சொல்லுங்க." பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாயின் தலையில் ஒருமுறை கைவைத்தாள். குட்டிகள் பிறக்குமா இல்லையா என்பதை இனி அந்த அறையோ துணிகளோ அதிபரோ தீர்மானிக்கப் போவதில்லை என்பது அவளுக்கு எங்கள் எல்லோருக்கும் முதலே விளங்கியிருந்தது.

மகியங்கனை தாண்டி பதினெட்டு வளைவு வீதியில் ஏறும்போது, நாய்கள் வாந்தியெடுக்கும் என்று கட்டி வைத்திருந்த பைகளை நான் பயன்படுத்த வேண்டி வந்தது. நாய்கள் இரண்டும் யன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இடைக்கிடை என்னைத் திரும்பிப் பார்த்தன.

"அத்தான்," என்றான் மைத்துனன், என் முதுகைத் தடவிக்கொண்டே, "நாயெல்லாம் சும்மா இரிக்கி. பரம்பரைக் குறை உங்களுக்குத்தான் போல. கல்யாணம் பேச முதல் உங்கள ஒருக்கா படம் பிடிச்சிருக்கோணும்."

"உன்ட அக்காவுக்கு அந்த வசதி அப்ப இருக்கல்ல," என்றேன், பைக்குள் இருந்து.

கண்டி வைத்தியர் நரைத்த மீசைக்காரர், சிங்களவர். என் சிங்களம் பஸ் ரிக்கற் எடுக்கும் வரைக்கும்தான். மைத்துனனின் சிங்களம் வெற்றிலை விற்றுப் பழகியது, விலை பேசலாம், எலும்பு பேச முடியாது. வைத்தியர் அதை உடனே புரிந்துகொண்டார். நாய்களுக்கு மயக்க ஊசி போட்டு, மல்லாக்கக் கிடத்தி, பின்கால்களை நேராக இழுத்துப் படம் எடுத்தார். அப்படிக் கிடந்தபோது எங்கள் பெட்டை, அறுவடை முடிந்து மரநிழலில் வாய் திறந்து தூங்குகிற ஒரு வயற்காரப் போடியாரைப் போல இருந்தாள். பிறகு படங்களை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, வாயைத் திறக்காமல் இரண்டு கைகளையும் தூக்கினார்.

இடது கையைக் கிண்ணம் போலக் குவித்தார். வலது கையைப் பொத்தி அதற்குள் ஆழமாக வைத்தார். கடுவனின் படத்தைக் காட்டிச் சரி என்று தலையை ஆட்டினார்.

மைத்துனன் அவரைக் கட்டிப் பிடித்தான். ஒரு அரசாங்கப் பரீட்சையில்கூட அவன் சித்தியடைந்து நான் பார்த்ததில்லை. நாய் அவனுக்காக எழுதியிருந்தது.

வைத்தியர் அவனை மெல்லக் கழற்றிவிட்டு, மற்றப் படத்தின் பக்கம் போனார். இந்த முறை இடது கையைக் குவிக்கவில்லை. தட்டையாக விரித்தார். பொத்திய கையை அதன்மேல் வைத்தார். கை சறுக்கியது. இரண்டு பக்கமும், என்று விரல் இரண்டைக் காட்டினார்.

நான் படத்தைப் பார்த்தேன். பிறகு, மனைவி சொன்னது போல, அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் கெட்டவற்றை மட்டும் சொல்லி அனுப்பவில்லை, கையும் எளிய சிங்களமுமாக மற்றதையும் சொன்னார். உடம்பு பெருக்க விடாதே, வழுக்கும் தரையில் ஓட விடாதே, தண்ணீரில் நீந்த விடு, நெடுங்காலம் நன்றாக இருப்பாள். குட்டி மட்டும் வேண்டாம். நீந்துவதை அவர் இரண்டு கைகளாலும் துழாவிக் காட்டினார். வாவிக்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாத எனக்கு அதையும் ஒரு மலைநாட்டுக்காரர் காட்டித் தர வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது வளைவுகள் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசும்போது நோய் வருத்தத்தை மறைப்பது ஒரு கலை. வலிப்புக்காரனைப் "பயந்த சுபாவம்" என்பார்கள், நெஞ்சு வருத்தக்காரியை "மெல்லிய உடம்பு" என்பார்கள். தாலி ஏறிய பிறகு மாத்திரைப் பெட்டி வெளியே வரும். அந்தக் கலையில் எனக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மைத்துனன், அவ்வளவு நேரமும் வெற்றிக் களிப்பில் இருந்தவன், தன் கடுவனின் தலையைத் தடவிக்கொண்டு கேட்டான்.

"அத்தான், அக்காட்ட என்ட நாய்க்குத்தான் பிழையெண்டு சொல்லுவமா?"

நான் அவனைப் பார்த்தேன்.

"எனக்கென்ன. நான் ஊருக்குப் போயிருவன். அவவுக்குத்தான் பாவம், சேலையெல்லாம் வெட்டி வெச்சிரிக்கா."

மகா ஓயா வரும்வரை அதை நான் உண்மையாகவே யோசித்தேன். பிறகு சொன்னேன், "அப்படிச் சொன்னா அவ வேற மாப்பிள்ளை பாப்பாடா." அவன் "ஓம், அதுவும் சரிதான்" என்றுவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தான். சித்தியடைந்த நாயை, அக்காவுக்காகத் தோல்வியில் நிறுத்தத் தயாரான அவனை நினைத்து அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை அவனிடம் நான் சொல்லவில்லை. அவனும் நானும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

மனைவி வாசல் படலையடியில் நின்றாள். மயக்கம் முழுதாய்த் தெளியாத நாயை நான் தூக்கி இறக்கினேன். வழியெல்லாம் தயாரித்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. நாயைக் கீழே கிடத்திவிட்டு, இடது கையை விரித்து, வலது கையைப் பொத்தி மேலே வைத்தேன். சறுக்க விட்டேன்.

அவளுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை.

"அவனுக்கு?"

கையைக் குவித்துக் காட்டினேன்.

"அது நல்லம்," என்றாள். தம்பியின் தோளில் தட்டினாள். பிறகு பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது அந்தச் சேலைத் துண்டுகள் முழுவதும் அவள் கையில் இருந்தன. அதை நாலாய் எட்டாய் மடித்து, மெத்தை போலத் தைத்து, நாயை அதில் ஏற்றிப் படுக்க வைத்தாள்.

"மூட்டுக்கு மெதுவா இரிக்கட்டும்."

அன்று பின்னேரமே, குட்டி கேட்டவர்களுக்கெல்லாம் போன் எடுக்கத் தொடங்கினாள். நான் என் அனுபவத்தில் இருந்து ஒரு யோசனை சொன்னேன். "கரு தங்கல்ல எண்டு சொல்லன். லேசா முடிஞ்சிடும்."

"ஏன் பொய் சொல்லுவான்? அவள் என்ன களவெடுத்தவளா?"

ஃபாதருக்கும் சொன்னாள், அதிபருக்கும் சொன்னாள். பரம்பரைக் குறை, படம் எடுத்துப் பார்த்தது, குட்டி எடுக்கப் போவதில்லை, அவ்வளவுதான். ஃபாதர், "அப்ப அந்தப் படத்தையாவது வந்து பாக்கலாமா?" என்று கேட்டாராம். அவர் வருவதற்குள் மனைவி எக்ஸ்ரே படத்தை மண்டபத்து யன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். வாவிப் பக்கத்து யன்னல் அது, காலை வெயில் படத்தின் ஊடாக வரும். மற்ற வீடுகளில் அந்த இடத்தில் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம் இருக்கும். எங்கள் வீட்டில் நாயின் இடுப்பு. வருகிறவர்களுக்கு அவளே கையால் விளங்கப்படுத்துவாள், குவித்த கை, விரித்த கை. எங்கள் பக்கத்துக் கல்யாணத் தரகர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இப்படியெல்லாம் காட்டினா என்ட தொழில் என்னாகிற?" என்று கவலைப்பட்டார். மனைவி அவருக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்தாள்.

ஆனால் ஒருநாள் பெரியகல்லாற்றில் இருந்து மீன் வியாபாரி ஒருவர், தன் கடுவனை லொறியின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் பெட்டையின் அழகு அங்கே வரை போயிருந்தது.

"என்டது அம்பாறையால கொண்டு வந்தது தங்கச்சி. ஆலைக் கடுவன்ட வழியே இல்ல. ஒருக்கா, ஒரேயொருக்கா விட்டுப் பாப்பம். பிறக்கிறதெல்லாம் நொண்டியாவா பிறக்கப் போகுது?"

மனைவி வாவிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வளவுச் சரிவில் எங்கள் பெட்டை, வெயிலில் மயிர் பளபளக்க, எந்தக் குறையும் இல்லாதவள் போல ஓடி வந்தாள். பின்னறை இன்னும் வெள்ளையாகவே இருந்தது. மனைவி வேண்டியதைக் கையில் கொண்டுவந்து கொடுக்க ஒருவர் வாசலில் நின்றார். அவள் ஓம் என்றிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன், அதிகார வரிசை அப்படி.

"எல்லாம் அப்படிப் பிறக்காது அண்ணன்," என்றாள். "ஆனா எது அப்படிப் பிறக்குமெண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுக்குத்தான் நோகும். உங்கட நாய்க்குப் படம் எடுத்திருக்கா?"

"என்ன படம்?" என்றார் அவர். அவரை உள்ளே கூட்டிப்போய் யன்னலைக் காட்டினாள். அவர் அந்தப் படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றார். அடுத்த கிழமை யாழ்ப்பாணத்து வைத்தியர் எங்கள் பெட்டைக்குக் கருத்தடை ஒப்பரேஷனைச் செய்து முடித்தார். பின்னறைக்கு என் புத்தகங்கள் திரும்பி வந்தன. அவற்றைப் பார்த்து மனைவி பெருமூச்சு விட்டது புத்தகங்களுக்காக அல்ல.

இப்போது பின்னேரங்களில் நான் நாயோடு வாவிக்குள் இறங்குகிறேன். இடுப்பளவுத் தண்ணீர் வரைக்கும்தான் எனக்குத் துணிவு. அவள் நீளக் கயிற்றோடு என்னைச் சுற்றி நீந்துவாள். வலை இழுக்கிறவர்கள், "வாத்தியாரே, நாய் உங்களுக்குப் பழக்குதா, நீங்க நாய்க்குப் பழக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இன்றைக்கும் அவள் நொண்டவில்லை. சரிவில் இறங்கும்போது நொண்டுகிறவன் நான்.

மைத்துனன் வேறு ஆளாகிவிட்டான். அவனுடைய கடுவனைக் கேட்டு வருகிறவர்களிடம் முதல் கேள்வி, "தகப்பன் ஆர்?" இரண்டாவது, "படம் எங்க?" படம் இல்லாதவர்களைக் கண்டிக்கு அனுப்புகிறான், வாந்திப் பையும் கொண்டு போகச் சொல்கிறான், அந்த ஆலோசனை யாரால் கிடைத்தது என்பதையும் சொல்கிறான். தாய்வழிக் குடி பார்த்த வெற்றிலைத் தோட்டத்தில் இப்போது தகப்பன்வழியும் பார்க்கிறார்கள். பலர் கோபித்துக்கொண்டு திரும்பினார்கள். நெடுங்காலம் அவன் கடுவனுக்குச் சோடி அமையவில்லை. அவன் அசையவில்லை. கடைசியில் அவனிடம் படத்தோடு வந்தவர், அந்தப் பெரியகல்லாற்று மீன் வியாபாரிதான். தன் கடுவனுக்கும் எடுத்திருந்தார், தன் தங்கை வீட்டுப் பெட்டைக்கும் எடுத்திருந்தார்.

போன மாசம் ஒரு காலையில் மைத்துனன் மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் நின்றான். சட்டைக்குள் ஏதோ அசைந்தது. வெளியே எடுத்தான். காது இன்னும் நிமிராத ஒரு குட்டி, தேங்காய் அளவில். இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான். எங்கள் பெட்டை எழும்பி வந்து அவன் முழங்காலை முகர்ந்தாள்.

மனைவி கையை நீட்டவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"தகப்பன் உன்டவன். அது தெரியும். தாய்க்குப் படம் என்ன சொன்ன?"

அவன் பதிலுக்குக் கையைத் தூக்கப் பார்த்தான். கை இரண்டிலும் குட்டி. ஒரு கையைக் குவிக்கப் பார்த்தான், குட்டி சறுக்கியது. "அக்கா, ஒருக்கா இதப் பிடிங்க," என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

அவன் இடது கையைக் கிண்ணம் போலக் குவித்தான். வலது கையைப் பொத்தி, ஆழமாக, முட்ட முட்ட அதற்குள் வைத்தான். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான், நாங்கள் எல்லோரும் பார்த்து முடிக்கும் வரைக்கும்.